கீழே கிடப்பது ஊரின் குடிநீர்

மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் நிலத்துக்கடியில் இருக்கும் குகைச்சுனைகளில் நீந்த, உலகெங்கிலுமிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அந்தச் சுனைகளுக்காக ஒரு சிற்றூர் தன் பிள்ளைகளின் பெயரில் வழக்காடிக்கொண்டிருக்கிறது.

ஓமுன் ஊருக்குள் வேன் நுழைவதற்கு முன்பே, சாலையோரம் நிற்கும் மோட்டார் டாக்சிக்காரர்கள் கை காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் இரண்டு மூன்று பேர் உட்காரும் கூண்டு பொருத்திய வண்டி அது. பன்னிரண்டு பேர் வந்திறங்கினால் நாலைந்து வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். முள்ளும் புதருமான குட்டைக் காட்டுக்குள் கல்பாதை. காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுடும். வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆறும் இருக்காது, குளமும் இருக்காது. தரையில் ஒரு பொந்து மட்டும் இருக்கும். அதற்குள் மரப்படி ஒன்று இறங்கும்.

இறங்கும் முன் எல்லோரும் ஒருமுறை குளித்தாக வேண்டும். பொந்தின் பக்கத்திலேயே அதற்காகக் குழாய் வைத்திருக்கிறார்கள். முகத்தில், கையில் பூசிய சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, தலையில் வைத்த எண்ணெய் எல்லாம் அங்கேயே போய்விட வேண்டும். பிறகு உயிர்காப்புச் சட்டையை மாட்டிவிட்டு, பெண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் என்று ஒவ்வொருவராகப் படியில் விடுகிறார்கள். பத்துப் படி இறங்கியதும் வெயில் இல்லை. இன்னும் பத்துப் படியில் காற்றே வேறாகிவிடுகிறது: ஈரமும் சுண்ணாம்பு வாடையும் எங்கோ இருக்கும் வவ்வால்களின் கீச்சொலியும். கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்குகின்றன. மேலே நிற்கும் அத்திமரத்தின் வேர்கள் பாறையைப் பிளந்துகொண்டு இருபது முப்பது அடி இறங்கித் தண்ணீரைத் தொடுகின்றன.

தண்ணீர் இருப்பதே முதலில் தெரிவதில்லை. அவ்வளவு தெளிவு. காலை வைத்தபிறகுதான் அடிப்பாறை முழங்கால் ஆழத்தில் இல்லை, நாலு ஆள் ஆழத்தில் இருக்கிறது என்று புரிகிறது. குழுவில் யாராவது ஒருவர் முதலில் குதிக்க, அந்தச் சத்தம் குகைச் சுவரில் மோதித் திரும்ப, மற்றவர்கள் கூச்சலிட்டுக்கொண்டே பின்னால் இறங்குகிறார்கள். ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே குளிர்ச்சி: 25 டிகிரி செல்சியஸ்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சுனைகள் இப்போது புதிதல்ல. ஹூஸ்டனிலிருந்து யுகத்தான் கரையிலுள்ள கான்குனுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள்தான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால், சுற்றுலாவாகப் போகும் இந்தியருக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. நீண்ட வார இறுதிக்கு நாலு குடும்பம் சேர்ந்து கடற்கரை விடுதி எடுத்து, இரண்டாம் நாள் ‘செனோத்தே’ எனப்படும் இந்தச் சுனைக்குப் போய் நீந்தி வந்த படங்கள் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியின் வாட்ஸ்அப் வரைக்கும் வந்து சேர்கின்றன. நீலப் பச்சைத் தண்ணீர், மேலே ஓட்டை வழியாக விழும் வெயில் கற்றை. படத்தில் வராத செய்தி ஒன்று உண்டு. பிள்ளைகள் நீந்திய அந்தத் தண்ணீரும் சுற்றியிருக்கும் ஊர்களின் கிணற்றிலும் குழாயிலும் வரும் தண்ணீரும் ஒன்றுதான். அந்த மண்ணில் வேறு தண்ணீர் கிடையாது.

ஆறே இல்லாத நிலம்

யுகத்தானின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். மழை நன்றாகப் பெய்கிற தட்டையான நிலம். ஆனால் வடபகுதி முழுக்கத் தேடினாலும் ஆறு என்று ஒரு கோடு இல்லை. மண் மெல்லிய போர்வை. அதன் கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல், ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி துளைகளால் ஆன கல். பெய்யும் மழை ஓடுவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடுகிறது.

மண்ணிலிருந்து கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர் லேசான அமிலத்தன்மை உடையது. அது சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. உள்ளே கடல்நீரும் பாறை இடுக்குகள் வழியாக வந்து நிற்பதால், கனமான உப்புநீர் கீழேயும் நன்னீர் அதன்மேல் மெல்லிய படலமாகவும் மிதக்கின்றன. இரண்டும் கலக்கும் இடத்தில் கல் இன்னும் வேகமாகக் கரையும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகளில் குடைந்துபோன சுரங்கங்களின் கூரை எங்கெங்கே இடிந்து விழுந்ததோ, அங்கெல்லாம் ஒரு செனோத்தே. முழுக்கத் திறந்து வானம் பார்க்கும் வட்டக் கிணறுகள் உண்டு. பாதி மூடியவை உண்டு. ஓமுனில் இருப்பதுபோல் ஒற்றைப் பொந்தை மட்டும் வாசலாகக் கொண்ட முழுக் குகைகளும் உண்டு. தீபகற்பம் முழுவதும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

கல்விழுதுகள் இன்னொரு கதையைச் சொல்கின்றன. விழுது காற்றில்தான் வளரும், தண்ணீருக்கடியில் வளராது. ஆனால் யுகத்தானின் மூழ்கிய குகைகளில் பல மீட்டர் ஆழத்தில் விழுதுகள் காடாகத் தொங்குகின்றன. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன. மனிதர்கள் அவற்றுக்குள் நடந்து போனார்கள். துலும் நகருக்கு அருகே மூழ்கிய குகையொன்றில் ‘ஒயோ நெக்ரோ’ என்னும் ஆழ்குழியை 2007-ல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அடியில் யானையினத்து விலங்கொன்றின் எலும்புகள், வாள்பல் பூனையின் எலும்புகள், நடுவே பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு. அவளுக்கு ‘நையா’ என்று பெயர் வைத்தார்கள். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இருட்டில் அந்தக் குழிக்குள் விழுந்து இறந்தவள். அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழமையான, பெருமளவு முழுமையான மனித எலும்புக்கூடுகளில் ஒன்று அவளுடையது. 2014-ல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது.

> பெட்டிச் செய்தி: விண்கல் வரைந்த வட்டம்
>
> ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்ணிலிருந்து விழுந்த ஒரு பெரும் பாறை டைனோசர்களின் காலத்தை முடித்து வைத்தது. அது விழுந்த இடம் இதே யுகத்தானின் வடகரை. சிக்சுலுப் என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் அந்தப் பள்ளத்தின் விட்டம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர்.
>
> பள்ளம் பின்னால் சுண்ணாம்புப் படிவத்தால் மூடிக்கொண்டது. ஆனால் அடியில் இருக்கும் விளிம்பு நிலத்தடி நீரின் போக்கைத் திருப்புகிறது. அந்த விளிம்பின் மேலேதான் நூற்றுக்கணக்கான செனோத்தேக்கள் அரைவட்டமாக அணிவகுத்து நிற்கின்றன. ஓமுன், குசமா எல்லாம் அந்த வளையத்தில் இருக்கும் ஊர்கள்.
>
> துலும் பக்கத்தில் இருப்பவை வேறு வகை: கடலை நோக்கி நீளும் சுரங்க வலை. 2018 ஜனவரியில் சாக் ஆக்துன், தோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு குகைத்தொடர்கள் ஒன்றே என்று முக்குளிப்பவர்கள் கண்டறிந்தபோது அதன் அளந்த நீளம் 347 கிலோமீட்டரானது. அருகிலுள்ள ஓஷ் பெல் ஹா அதையும் மிஞ்சுகிறது.

மழைத்தெய்வத்தின் வாசல்

சுற்றுலா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாயா மக்கள் ஊர்களைச் சுனைகளை ஒட்டித்தான் கட்டினார்கள். வேறு வழியில்லை. சிச்சென் இட்சா நகரம் எழுந்ததே இரண்டு பெரிய செனோத்தேக்களை நம்பித்தான். ஒன்று குடிக்க. ஏறத்தாழ அறுபது மீட்டர் அகலமுள்ள மற்றொன்று, மழைத்தெய்வமான சாக்குக்கு. பொன், பச்சைக்கல், தூபப்பிசின், மனித உயிர் எல்லாம் அதில் காணிக்கையாக விழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் அந்தச் சுனையைத் தூர்வாரி, கிடைத்தவற்றில் பெரும்பகுதியை ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பிறகு மெக்சிகோ கேட்டதில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. இன்று அந்தச் சுனையில் யாரும் நீந்த முடியாது. விளிம்பில் நின்று பார்க்கலாம்.

தெய்வம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் யுகத்தான் சிற்றூர்களில் இன்றும் ‘சா சாக்’ சடங்கு நடக்கிறது. ஊர்ப் பூசாரி மக்காச்சோளப் படையல் வைக்க, பலிபீடத்தின் கால்களடியில் உட்கார்ந்த சிறுவர்கள் தவளைபோல் கத்தி மழையைக் கூப்பிடுகிறார்கள். படையலுக்கான தண்ணீர் மனிதக் கால் படாத குகைச்சுனையிலிருந்து வர வேண்டும் என்பது பழைய முறை. சுனைகளையும் காட்டையும் ‘அலுஷ்’ எனப்படும் குட்டிக் காவல்தெய்வங்கள் காக்கின்றன. அவர்களிடம் அனுமதி கேட்காமல் இறங்கக்கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

ஒரு குழுவை அழைத்துப்போகும் மோட்டார் டாக்சி இளைஞருக்கு இந்தக் கதைகள் எல்லாம் வீட்டில் கேட்டவை. அவருடைய தாத்தாக்கள் காலத்தில் இந்த நிலம் கற்றாழைப் பண்ணையாக இருந்தது. அதிலிருந்து எடுத்த சிசல் நாருக்கு உலகச் சந்தையில் பொன்விலை இருந்த நாட்களில் பண்ணையார்கள் மாளிகை கட்டினார்கள். மாயா கூலிகள் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்கு உழைத்தார்கள். செயற்கை நார் வந்து அந்தத் தொழில் படுத்தது. குசமாவில் கற்றாழை சுமந்த குறுந்தண்டவாளங்கள் மட்டும் மிஞ்சின. அதன்மேல் குதிரை இழுக்கும் தட்டு வண்டியில் பயணிகளை ஏற்றி ஊர்க்காரர்கள் சுனை காட்டத் தொடங்கினார்கள். பக்கத்து ஓமுனில் அதுவே முழுத்தொழிலாக வளர்ந்தது. தோட்டத்தில் பொந்து இருக்கும் குடும்பம் படி கட்டியது, கழிப்பறை கட்டியது, சமையல் போட்டது. வழிகாட்டி, டாக்சிக்காரர், உணவுக்கடை, சட்டை வாடகைக்கு விடுபவர் என்று ஊரில் பெரும்பாலோர் வயிறு சுனையோடு கட்டப்பட்டுவிட்டது.

இந்தப் பின்னணி தெரியாமல், 2017-ல் அந்த ஊர் ஏன் அப்படிச் சீறி எழுந்தது என்பது புரியாது.

49,000 பன்றிகள்

மெக்சிகோவில் பன்றி வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் யுகத்தானும் ஒன்று. இறைச்சி உள்நாட்டுக்கும் போகிறது, கிழக்காசியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. பண்ணைகள் பெரிய கொட்டகைகளாக, காட்டுக்குள், மாயா சிற்றூர்களை ஒட்டி எழும்புகின்றன. பன்றிகளின் சாணமும் மூத்திரமும் திறந்த குட்டைகளில் தேக்கப்பட்டு, ஓரளவு சுத்திகரிக்கப்பட்டு, வயல்வெளியில் தெளிக்கப்படுகின்றன. வேறு நிலமென்றால் மண் கொஞ்சம் வடிகட்டும். இங்கே மண் பெயருக்குத்தான். கல்லின் மேல் ஊற்றுவது துளை வழியாக நேரே நிலத்தடி நீருக்குப் போகிறது.

ஓமுனில் வரவிருந்த பண்ணை 49,000 பன்றிகளுக்கானது. ஊரின் மொத்த மக்கள்தொகை அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதைவிட முக்கியமான ஒன்று: 2013-ல் யுகத்தான் மாநில அரசே செனோத்தே வளையத்தை நிலத்தடி நீர்க் காப்புப் பகுதியாக அறிவித்திருந்தது. ஓமுன் அந்தக் காப்புப் பகுதிக்குள் இருக்கிறது. அப்படியிருந்தும் அனுமதிகள் கிடைத்தன. ஊர்ச் சபையை யாரும் கேட்கவில்லை.

ஊர் தானே கேட்டுக்கொண்டது. 2017 அக்டோபரில் மாயா மக்களின் சுயநிர்ணய உரிமையைச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தினார்கள். பண்ணை வேண்டாம் என்று 732 பேர். வேண்டும் என்று 52 பேர். சுனைச் சொந்தக்காரர்களும் வழிகாட்டிகளும் சேர்ந்து ‘கானான் சோனோத்’, அதாவது சுனைக்காவலர்கள், என்ற அமைப்பை உருவாக்கினார்கள். இருந்தும் கட்டுமானம் நிற்கவில்லை. பண்ணைக்குள் பன்றிகள் வந்தும் விட்டன.

அப்போது வழக்கறிஞர்கள் எடுத்த வழி அசாதாரணமானது. வழக்கை ஊர்க் குழந்தைகளின் பெயரில் தொடுத்தார்கள். நல்ல தண்ணீருக்கும் நலமான சூழலுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் உரிமை நாளைக்குப் பறிபோகும். பறிபோனபின் திருப்பித் தர முடியாது என்பது வாதம். 2018 அக்டோபரில் நீதிபதி பண்ணையின் இயக்கத்தை நிறுத்தி வைத்தார். பண்ணை நிறுவனம் மேல்முறையீடு போனது. 2021 மே மாதம் மெக்சிகோ உச்ச நீதிமன்றமே அந்தத் தடையை உறுதி செய்தது. தீங்கு நடந்துவிட்டது என்று நிரூபித்த பிறகுதான் தடுக்க வேண்டும் என்றில்லை, நடக்கும் அபாயம் இருந்தாலே தண்ணீரின் பக்கம் நிற்க வேண்டும் என்ற கொள்கை அதில் நின்றது. சுற்றுச்சூழல் வழக்குகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், இது சின்ன விஷயமல்ல. பல நாடுகளில் ஆற்றில் நஞ்சு கலந்து மீன்கள் செத்து மிதந்தபின்தான் கோப்பு நகர்கிறது.

ஆனால் ஓமுன் பெற்றது ஓமுனுக்கு மட்டும். இசமால் அருகே சிதில்பெச் என்ற சிற்றூர் மக்கள் தங்கள் ஊர்ப் பண்ணையை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தபோது, 2023 பிப்ரவரியில் போலீஸ் வந்து அவர்களைக் கலைத்தது. நிலத்துக்கடியில் ஊர் எல்லை கிடையாது என்பதுதான் இதிலுள்ள கவலை. ஒரு பண்ணையை மூடி, ஐம்பது கிலோமீட்டரில் இன்னொன்றைத் திறந்தால் தண்ணீர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

குகைக்கூரையில் இறங்கிய தூண்கள்

கரீபியன் கரையில் பிரச்சினை வேறு உருவில் வந்தது. மெக்சிகோவின் அன்றைய அதிபர் லோபெஸ் ஒப்ரதோர் 2018-ல் அறிவித்த ‘மாயா ரயில்’ திட்டம், தீபகற்பத்தைச் சுற்றி ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவது. கடற்கரை விடுதிகளில் மட்டும் குவியும் சுற்றுலாப் பணம் உள்நாட்டு ஏழை ஊர்களுக்கும் வரவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. கான்குன் விடுதிகளில் அறை துடைக்கப் பேருந்தில் பல மணி நேரம் போய்வருகிறவர்கள் இந்த மாயா ஊர்களின் பெண்கள்தான்.

சிக்கல், பிளாயா தெல் கார்மெனிலிருந்து துலும் வரையிலான பகுதியில். முதலில் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகவிருந்த பாதை 2022 தொடக்கத்தில் உள்ளே காட்டுக்கு மாற்றப்பட்டது. அந்தக் காட்டின் கீழேதான் உலகின் மிக நீண்ட மூழ்கிய குகைகள் இருக்கின்றன. குகை ஆய்வாளர்களும் முக்குளிப்பவர்களும் வரைபடங்களை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு, திட்டத்தைத் தேசியப் பாதுகாப்பு சார்ந்தது என்று அறிவித்து வேலையைத் தொடர்ந்தது, ராணுவம் கட்டியது. தரை தாங்காது என்று தெரிந்த இடங்களில் தண்டவாளத்தை உயர்த்தித் தூண்களில் நிறுத்த முடிவாயிற்று. ஆயிரக்கணக்கான இரும்புக் குழாய்த் தூண்கள் குகைக்கூரையைத் துளைத்து இறங்கின. உள்ளே கான்கிரீட் ஊற்றப்பட்டது. சில குகைகளில் அந்தக் கான்கிரீட் தண்ணீருக்குள் கசிந்து படிந்திருப்பதையும், பல்லாயிரம் ஆண்டு விழுதுகள் நொறுங்கிக் கிடப்பதையும் 2024-ல் முக்குளிப்பவர்கள் படமெடுத்து வெளியிட்டார்கள்.

ரயில் 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கி, ஓராண்டில் முழு வட்டமும் முடிந்தது. இனித் தூண்களைப் பிடுங்கப் போவதில்லை. பிடுங்கினால் சேதம் கூடும். கவலை இனிமேலானது: உப்புக் கலந்த ஈரத்தில் நிற்கும் இரும்பு என்ன ஆகும், துருவேறிய தூணின் அதிர்வை மெல்லிய கூரை எத்தனை ஆண்டு தாங்கும், ரயில் கொண்டுவரும் புதிய குடியிருப்புகளின் கழிவு எங்கே போகும்.

கடைசிக் கேள்விக்கு விடை ஏற்கெனவே பாதி தெரியும். இப்பகுதியின் நிலத்தடி நீரைச் சோதித்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் மருந்து எச்சங்கள், அழகுசாதனப் பொருள்களின் எச்சங்கள், பூச்சிக்கொல்லிகள், போதைப்பொருள் எச்சங்கள்கூட இருந்தன. விடுதிகளிலும் வீடுகளிலும் கழிவறை வழியாக வெளியேறியவை அவை. யுகத்தானின் பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். டேங்கின் கீழே துளைக்கல். அங்கிருந்து சுரங்கம். சுரங்கத்தின் மறுமுனையில் கடல், அதில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளும் மீசோஅமெரிக்கப் பவளத்திட்டு. உலகில் ஆஸ்திரேலியாவின் பெருந்திட்டுக்கு அடுத்தது. பவளம் சத்தில்லாத தெளிந்த நீரில் வாழ்வது. கழிவோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைத்தான் வளர்க்கும்.

இருட்டில் வாழ்பவை

வாசலருகே நீந்துபவர்கள் பார்க்கும் கெளுத்திமீனும் சின்ன மீன்களும் தவிர, உள்ளே வேறொரு உலகம் இருக்கிறது. வெளிச்சமே படாத சுரங்கங்களில் கண்ணில்லாத வெள்ளை மீன் ஒன்று வாழ்கிறது; கண்ணில்லாத விலாங்கு ஒன்றும் இருக்கிறது. யுகத்தானைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. ரெமிபீட் என்னும் நீளமான வெண்ணிற ஓட்டுயிர், இரையை நஞ்சு பாய்ச்சிக் கொல்கிறது. நஞ்சுடைய ஓட்டுயிர் என்று அறிவியல் உறுதி செய்த முதல் இனமே துலும் குகைகளில் வாழ்வதுதான், 2013-ல். இவற்றுக்கு உணவு மேலிருந்து வரும் இலை, வவ்வால் எச்சம், கரைந்த கரிமப் பொருள். அளவான உணவுக்குப் பழகிய உயிர்கள். திடீரென்று கழிவு கூடினால் நீரில் ஆக்சிஜன் குறையும், அவற்றுக்குத் தப்பிப்போக வேறிடம் கிடையாது.

வாசல் பாறைகளில் ‘தோ’ என்ற நீலப் பறவை பொந்து வைத்துக் குஞ்சு பொரிக்கிறது. துடுப்புபோல் இரண்டு இறகுகள் தொங்கும் நீண்ட வால். காட்டில் இந்தப் பறவை தென்பட்டால் பக்கத்தில் சுனை இருக்கிறது என்று மாயாக்காரர்கள் அறிந்துகொண்டார்கள். ஒலிபெருக்கியோடு வரும் கூட்டம் முதலில் விரட்டுவது அதைத்தான்.

கூட்டமாகப் போவதன் கணக்கு

கான்குனிலிருந்து காலையில் கிளம்பும் பெரிய பேருந்துகள் பொதுவாக ஒரே பாதையில் போகின்றன: சிச்சென் இட்சா, பிறகு அருகிலுள்ள இக் கில் செனோத்தே, பிறகு வய்யதோலித் நகரம். நடுப்பகலில் இக் கில் படிக்கட்டில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்பார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் கீழே, கொடிகள் தொங்கும் அந்த வட்டக்கிணறு அழகில் எதற்கும் குறைந்ததில்லை. ஆனால் அத்தனை பேர் ஒரே நேரத்தில் இறங்கும் தண்ணீர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நேரம் எங்கே? திறந்த கிணறுகளுக்காவது கொஞ்சம் நீரோட்டம் உண்டு. மூடிய குகைச்சுனைகள் சிலவற்றில் தண்ணீர் மெல்லத்தான் நகரும். ஒரு நாளில் சேரும் எண்ணெய்ப் படலம் மறுநாள் காலையிலும் மேலே மிதப்பதை ஊர் வழிகாட்டிகள் காட்டுவார்கள்.

பணமும் அப்படித்தான், எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மெக்சிகோ சட்டப்படி தண்ணீர் நாட்டின் சொத்து. சுற்றியுள்ள நிலம் தனியாருடையதாகவோ, ஊர்ப் பொதுநிலமாகவோ இருக்கலாம். நுழைவுக் கட்டணம் வாங்குவது நிலக்காரர். பெரிய பேருந்துப் பயணத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி கான்குனிலேயே தங்கிவிடுகிறது. ஓமுனிலோ குசமாவிலோ சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டு போய் இறங்கினால், டாக்சிக்காரர் கையிலும் சுனைக் குடும்பத்தின் கையிலும் சமைத்துப் போடும் அம்மாவின் கையிலும் அது நேரே விழுகிறது. என் கணிப்பில், பன்றிப்பண்ணையை எதிர்த்து 732 பேரை வாக்குப்பெட்டி வரை கொண்டுவந்ததில் இந்த வருமானத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சுனை சோறு போடுவதால்தான் சுனைக்குக் காவல் இருக்கிறது. பயணிகள் வருவதே தவறு என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அதேசமயம் அந்த வருமானம் வழுக்குப்பாறை. 2020 ஜூனில் கிறிஸ்டோபல் புயல் கொட்டிய மழையில் நிலத்தடி நீர் ஏறிப் பல சுனைகளில் படிக்கட்டுகள் மூழ்கின. கொரோனாவால் வாசல் ஏற்கெனவே மூடியிருந்த நேரம். இந்த இரண்டையும் தாண்டி வந்த ஊர்கள்தான் இன்று உங்கள் வேனுக்குக் கை காட்டுகின்றன.

> பெட்டிச் செய்தி: குழுவாகப் போகிறவர்களுக்கு
>
> காலை திறந்தவுடன் போங்கள். பத்து மணிக்குப் பிறகு பேருந்துகள் வரத் தொடங்கும்.
>
> ‘இயற்கையில் மட்கும்’ என்று எழுதியிருந்தாலும் சன்ஸ்கிரீன் வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டை போதும். குகைக்குள் வெயிலே கிடையாது.
>
> நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். பல சுனைகளில் அது கட்டாயம். படிவிட்டு இறங்கியதும் ஆழம். நின்று இளைப்பாறத் திட்டு இருக்காது.
>
> கல்விழுதைப் பிடித்துத் தொங்கவோ படத்துக்காகச் சாயவோ கூடாது. கையெண்ணெய் பட்ட இடத்தில் விழுது வளர்வது நின்றுவிடும். வேர்களில் ஊஞ்சலாடுவதும் வேண்டாம்.
>
> ஈரப்படியில் வழுக்கும். ரப்பர் அடியுள்ள செருப்பு, பிள்ளைகளுக்குக் கைப்பிடிக்க ஒரு பெரியவர்.
>
> சில்லறையாக மெக்சிகோ பெசோ வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்ச் சுனைகளில் அட்டை செல்லாது.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறது

நீந்துவதற்கும் முக்குளிப்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்து பார்ப்பவருக்குத் தலையைத் தூக்கினால் காற்று. சிலிண்டர் கட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் போனவருக்குத் தலைக்குமேல் பாறை. துலும் பக்கத்துச் சுனைகளில் நீருக்கடியில் சுரங்கம் தொடங்கும் இடத்தில் எலும்புருவில் எமன் நிற்கும் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு: இதற்கு மேல் போகாதீர்கள், உயிரோடு திரும்ப மாட்டீர்கள் என்ற பொருளில். அவை சும்மா வைத்தவை அல்ல. அடியிலுள்ள மென்மையான வண்டலைக் காலால் கலக்கிவிட்டால் நொடியில் எதிரே கை தெரியாது. வழிநூலை விட்டவர் வாசலைத் தேடிக்கொண்டே காற்றை முடித்துவிடுவார்.

குகை முக்குளிப்பில் மூன்றிலொரு பங்கு என்றொரு விதி உண்டு. காற்றில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மிச்சம் ஆபத்துக்கு. 1979-ல் இந்த ஒழுங்குகளைச் சிறு நூலாக எழுதி எத்தனையோ உயிரைக் காத்தவர் ஷெக் எக்ஸ்லி. அவரே 1994-ல் மெக்சிகோவின் வடகிழக்கில் சகாத்தோன் என்னும் ஆழ்சுனையில் இறந்தார், மிக ஆழம் இறங்கும் முயற்சியில். வெளிச்சம் எட்டும் வாசல் பகுதியில் பார்த்துவரும் பயிற்சிபெற்ற முக்குளிப்பவர்களுக்குக்கூட நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது யுகத்தானில் நடைமுறை. கும்பலாகப் போகும்போது ஒருவர் துணிந்தால் இன்னொருவர் தயங்க வெட்கப்படுவார். குழுவில் மூத்தவர் யாரோ ஒருவர், கரையில் இருக்கும்போதே, யார் எதுவரை என்று பேசி முடித்துவிடுவது நல்லது.

சுனைகளுக்கே ஓர் எல்லைக்கோடு கேட்கும் ஓமுனில் வழக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. தடையை நிரந்தரமாக்க ஊர் போராடுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், செனோத்தே வளையம் முழுவதையும் உரிமைகள் உள்ள ஒரு சட்ட நபராக அங்கீகரிக்க வேண்டும் என்று சுனைக்காவலர்கள் கேட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றுக்கு 2017-ல் கிடைத்த அதே தகுதி. கிடைத்தால், சிதில்பெச்சில் கலைக்கப்பட்ட ஊருக்கும், ரயில் தூண்களுக்கு எதிராகப் படமெடுத்து வருகிற முக்குளிப்பவர்களுக்கும் ஒரு புது வாசல் திறக்கும். 2018-ல் எந்தப் பிள்ளைகளின் பெயரில் வழக்குப் போட்டார்களோ, அவர்கள் இப்போது வளர்ந்து வாக்குரிமையை நெருங்கும் வயதுக்கு வருகிறார்கள். அடுத்த ஊர்வாக்கெடுப்பு வந்தால் அவர்களே வரிசையில் நிற்பார்கள்.